மூன்று வாரத்துக்கு ஒரு முறை

மார்பில் கட்டி என்று பயாப்சி எடுத்திருந்தால், அந்த ரிப்போர்ட்டில் ‘ஹெர்-2’ என்றொரு வரி இருக்கிறதா என்று கேளுங்கள். குமரி மாவட்ட மீனவ ஊரான முட்டத்தின் பெண்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். ஹெர்-2 என்பது செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு அது அளவுமீறிப் பெருகி, ‘வளர், வளர்’ என்று செல்லை விரட்டிக்கொண்டே இருக்கும். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. ‘ஃபிஷ்’ என்ற அடுத்த பரிசோதனை வேண்டும்.

இந்தப் புரதம் கூடினால் நோய் மூர்க்கமாகிறது என்று 1987-ல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லேமன். அதையே குறிவைத்து உருவான எதிர்ப்பொருள் மருந்து டிராஸ்டுசுமாப். 1998-ல் அனுமதி கிடைத்தது. ஹெர்-2 மேல் போய் ஒட்டி வளர்ச்சிக் கட்டளையைத் தடுக்கிறது. உடம்பின் எதிர்ப்பு அணுக்களுக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. தொடக்க நிலையிலேயே கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்பும் ஆபத்து ஏறத்தாழப் பாதியானது என்று 2005-ல் வந்த ஆய்வுகள் காட்டின. ஹெர்-2 நெகட்டிவ் என்றால் இது உதவாது.

விலைதான் நெடுநாள் தடையாக இருந்தது. 2014-ல் பெங்களூரின் பயோகான் ‘கேன்மாப்’ என்று தன் தயாரிப்பைக் கொண்டுவந்த பிறகு விலை இறங்கத் தொடங்கியது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் டிராஸ்டுசுமாபை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

தொடக்க நிலை நோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஓராண்டு ஏற்ற வேண்டும். முட்டத்திலிருந்து நெய்யூர், ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைகளுக்கோ, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கோ ஓராண்டு நடையாய் நடப்பது லேசில்லை. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வீட்டில் காசு புரளாத அந்த 61 நாளில் ஏறக்குறைய மூன்று முறை மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். ‘தடை முடியட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். குறித்த நாளுக்கு மேல் ஒரு வாரம் தாண்டினால், முதல் தடவை போலக் கூடுதல் அளவு மருந்து மறுபடி தேவைப்படும், செலவும் கூடும். சிகிச்சை தொடங்கும் அன்றே காப்பீட்டு அட்டையோடு போய், ஓராண்டு மருந்துக்கும் வழி இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

முடி கொட்டுவது பெரும்பாலும் கூடவே போடும் கீமோவால். இந்த மருந்தால் கவனிக்க வேண்டியது இதயம். சிலருக்கு அதன் பம்ப் செய்யும் வலு குறையும். நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும். அதனால் தொடங்கும் முன்பும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் எக்கோ எடுக்கிறார்கள். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ, அடுத்த தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.