அடைப்பதா, துப்புரவு செய்வதா?
டீசல் மகிழுந்தின் ஈ.ஜி.ஆர். வால்வு

படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்ததும் நம்மில் பலர் முதலில் வாங்குவது பிறர் பயன்படுத்திய மகிழுந்து ஒன்றைத்தான். அது டீசலில் ஓடுவதாக இருந்தால், என்றாவது ஒருநாள் பட்டறையில் இப்பேச்சு எழும்: "ஈ.ஜி.ஆர். வால்வு அடைச்சிருக்கு. கழுவினாலும் திரும்ப அடைக்கும். ஒரேயடியா மூடிடலாம், வண்டி நல்லா இழுக்கும்." செலவு குறைவு, வேலையும் எளிது என்பதால் நாமும் தலையாட்டிவிடுகிறோம். அந்த வால்வு எதற்காக வைக்கப்பட்டது என்பதை அறிந்துகொண்டு முடிவெடுப்பதே முறை. அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வால்வின் வேலை என்ன?

கழிவு வாயு மறுசுழற்சி என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே ஈ.ஜி.ஆர். இயந்திரத்திலிருந்து வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் காற்று உட்செல்லும் குழாய்க்கு அனுப்பும் கதவுதான் இந்த வால்வு. எரிந்து முடிந்த வாயுவை ஏன் மறுபடியும் உள்ளே விடவேண்டும்?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். சாதாரண வெப்பநிலையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் வெப்பம் 1,500 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். அப்போது இரண்டும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. கழிவு வாயுவில் புதிய காற்றைவிட ஆக்சிஜன் குறைவு. கரியமில வாயுவும் நீராவியும் கூடுதல். அதை அளவாகக் கலந்தால் எரிதலின் உச்ச வெப்பம் தணிகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறைகின்றன.

இந்த வாயுக்கள் மூச்சுக்குழாயைப் புண்படுத்துபவை. ஆஸ்துமா உள்ளவர்களை வாட்டுபவை. 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டத்தை ஆராய்ந்த வேதியியலாளர் ஹாகன்ஸ்மிட், நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரிபொருள் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குவதைக் காட்டினார். ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நகரங்களுக்கும் இதே வேதியியல்தான். இதனால்தான் ஐரோப்பாவில் டீசல் மகிழுந்துகளுக்கான வரம்பு, 2000ஆம் ஆண்டின் யூரோ 3 விதியில் கிலோமீட்டருக்கு 0.50 கிராமாக இருந்து, 2014இல் வந்த யூரோ 6 விதியில் 0.08 கிராமாகக் குறைக்கப்பட்டது.

ஏன் அடைக்கிறது?

கழிவு வாயுவோடு கரித்துகள்களும் வருகின்றன. மறுபுறம், இயந்திரத்தின் அடிப்பகுதியில் இருந்து எண்ணெய் ஆவி உட்குழாய்க்கு வருகிறது. இரண்டும் கலந்தால் தார்போன்ற பசை படிகிறது. குறைந்த வேகத்திலும் குறைந்த சுமையிலும்தான் வால்வு அதிகம் திறந்திருக்கும். முழு விசையில் அது மூடிக்கொள்ளும். எனவே, நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியைவிட, நெரிசலில் ஊர்ந்து, அரைமணி நேரத்திற்குள் பயணம் முடிக்கும் வண்டியில் அடைப்பு விரைவில் வரும். பழுதான இன்ஜெக்டர், எண்ணெய் கசியும் டர்போ, அழுக்கேறிய காற்று வடிகட்டி ஆகியவையும் கரியைப் பெருக்கும்.

வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கறும்புகை வரும், வண்டி இழுக்காது, நின்றிருக்கும்போது இயந்திரம் நடுங்கும். மூடியபடியே சிக்கினால் ஓட்டுநருக்கு அதிகம் தெரியாது. எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியலாம். ஸ்கேனர் கருவி 'பி0401' என்று காட்டினால் வாயு ஓட்டம் போதவில்லை என்றும், 'பி0402' என்று காட்டினால் அளவுக்கு மிஞ்சியது என்றும் பொருள்.

துப்புரவு செய்யும் முறை

இயந்திரம் நன்றாக ஆறிய பிறகே தொடங்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, மின் இணைப்பைப் பிரித்து, வால்வை வெளியே எடுக்க வேண்டும். கரியைக் கரைக்கும் தெளிப்பானை உலோகப் பகுதியில் மட்டும் அடித்து, ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் தேய்க்கலாம். மோட்டார் உள்ள பகுதியில் திரவம் படக்கூடாது. வால்வு உட்காரும் விளிம்பைக் கத்தியால் சுரண்டினால் கீறல் விழுந்து, பிறகு அது சரியாக மூடாது. திரும்பப் பொருத்தும்போது புதிய கேஸ்கெட் போட வேண்டும். சில வண்டிகளில் வால்வின் நிலையை ஸ்கேனர் வழியாகக் கணினிக்கு மீண்டும் பழக்க வேண்டும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டமான இடம் மூன்றும் கட்டாயம்.

ஓடும் இயந்திரத்தின் உட்குழாயில் தெளிப்பானை அடிக்கும் குறுக்கு வழி ஆபத்தானது. டீசல் இயந்திரம் அத்திரவத்தையே எரிபொருளாக்கி, கட்டுக்கடங்காமல் சுழலக்கூடும்.

வால்வோடு இணைந்த குளிரூட்டியையும் சோதிக்க வேண்டும். 2018இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் மகிழுந்துகள் பல தீப்பற்றின. இக்குளிரூட்டியில் இருந்து கசிந்த திரவம் கரிப்படிவத்தோடு சேர்ந்ததே காரணம் என்று அந்நிறுவனம் விளக்கி, அந்நாட்டில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ரேடியேட்டர் நீர் காரணமின்றிக் குறைந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

மூடிவிட்டால் என்ன?

குழாயின் நடுவே தகடு வைத்து மூடுவது ஒரு வழி. கணினி நிரலை மாற்றி வால்வு திறக்காமல் செய்வது மற்றொரு வழி. மூடினால் உட்குழாயில் கரி படிவது குறையும் என்பது உண்மைதான். புகையின் கருமையும் குறையலாம். இங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. நைட்ரிக் ஆக்சைடுக்கு நிறமில்லை. கரும்புகை குறைந்த வண்டியிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத நச்சு முன்னைவிடக் கூடுதலாக வெளியேறுகிறது. சாலையில் டீசல் வாகனங்களைச் சோதிக்கும்போது பெரும்பாலும் புகையின் கருமையே அளக்கப்படுவதால், அச்சோதனையில் இது அகப்படுவதில்லை.

2015 செப்டம்பரில் வோக்ஸ்வேகன் நிறுவனம் மாட்டிக்கொண்டதும் இதைப் போன்றதில்தான். சோதனைக் கூடத்தில் மட்டும் மாசுக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கி, சாலையில் தளர்த்திவிடும் நிரல் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இருந்தது. 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. உலகமே கண்டித்த அச்செயலுக்கும், பட்டறையில் நாம் காசு கொடுத்துத் தகடு வைப்பதற்கும் அளவில்தான் வேறுபாடு, தன்மையில் இல்லை.

நாம் செய்யக்கூடியது

வால்வு நோயன்று, நோய் வெளித்தெரியும் இடம். ஆகவே, அடைப்பை நீக்குவதோடு நின்றுவிடாமல் கரி எங்கிருந்து வருகிறது என்று பட்டறைக்காரரிடம் கேளுங்கள். இன்ஜெக்டரையும் டர்போவையும் காற்று வடிகட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். உரிய எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். பயன்படுத்திய டீசல் வண்டி வாங்கும்போது, வால்வு மூடப்பட்டுள்ளதா, நிரல் மாற்றப்பட்டுள்ளதா என்று ஸ்கேனர் வைத்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

துப்புரவுச் செலவு நம் பணப்பையில் இருந்து போகிறது. மூடிவிட்டால் அச்செலவு மறைவதில்லை. நம் வண்டிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரும், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளையும் அதைத் தங்கள் மூச்சால் கட்டுகிறார்கள். படித்தவர்கள் நாம். அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வோம்.