ஒளிபரப்புத் தரக் காணொளிக் கோப்புகளின் மாற்றமும் வெளியீடும்: கூத்துப் பதிவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிகழ்த்துகலை ஆய்வுகளில் காணொளிப் பதிவு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. ஒளிபரப்புத் தரக் கருவிகளில் எடுக்கப்பெற்ற பதிவுகள் தொகுப்பு மென்பொருளில் மாற்றப்பட்டு வெளியிடப்படும்போது, ஆய்வாளர் அறியாமலேயே சான்றின் சில கூறுகள் மறைந்துவிடுகின்றன. அவை எவை, எந்நிலையில் மறைகின்றன, அவற்றைக் காக்கும் வழி யாது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்

காணொளி ஆவணம், கொள்கலன், கோடெக், இடைப்பின்னல், ஒலித்தடம், தெருக்கூத்து.

முன்னுரை

இக்கட்டுரையாளர் தம் முனைவர்பட்ட ஆய்வுக்காக விடிய விடிய நிகழ்ந்த தெருக்கூத்து ஒன்றனைத் தொழில்முறை ஒளிப்பதிவாளர் ஒருவரைக்கொண்டு பதிவுசெய்வித்தார். கருவி 1920×1080 அளவில், வினாடிக்கு 50 மெகாபிட் வீதத்தில், நான்கு ஒலித்தடங்களுடன் எம்எக்ஸ்எஃப் கோப்புகளாகப் பதிவுசெய்தது. ஆனால் கைக்கு வந்ததோ வினாடிக்கு 5 மெகாபிட் அளவிலான எம்பி4 கோப்பு. மூலக் கோப்புகள் இருந்த அட்டை அடுத்த நிகழ்ச்சிக்காக அழிக்கப்பட்டிருந்தது. இதில் ஒளிப்பதிவாளரின் பிழை என்று ஏதுமில்லை. மூலக் கோப்பைத் தருமாறு அவரிடம் கேட்கப்படவில்லை. கேட்க வேண்டும் என்பதை ஆய்வாளர் அறிந்திருக்கவில்லை. அவ்வறியாமையின் விலை யாது என்பதே இக்கட்டுரைக்கு அடிப்படை.

கொள்கலனும் கோடெக்கும்

காணொளிக் கோப்பில் இரு அடுக்குகள் உள்ளன. படத்தையும் ஒலியையும் சுருக்கிப் பொதியும் முறை கோடெக் எனப்படும். அவ்வாறு பொதிந்தவற்றை நேரக்குறி முதலிய துணைத்தகவல்களுடன் ஒன்றாகக் கட்டிவைப்பது கொள்கலன். எம்எக்ஸ்எஃப், எம்பி4, எம்ஓவி என்பன கொள்கலன்கள், எம்பெக்-2, எச்.264, புரோரெஸ் என்பன கோடெக்குகள்.

சுவடியியல் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். கொள்கலனை மட்டும் மாற்றுதல் சுவடியின் மேற்சட்டத்தை மாற்றுதல் போன்றது. ஏட்டிலுள்ள எழுத்துக்கு ஊறு நேர்வதில்லை. கோடெக்கை மாற்றுதல் புதிய ஏட்டில் படியெடுத்தல் போன்றது. படியெடுக்குந்தோறும் பாடவேறுபாடு புகுவதுபோல், இழப்புடைய சுருக்கத்தில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தகவல் குறைகின்றது. எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவிகளில் மீள்சுருக்கம் செய்யாது கொள்கலனை மட்டும் மாற்ற இயலும். அப்போதும் நேரக்குறியும் ஒலித்தடங்களும் முழுமையாக வந்துள்ளனவா எனச் சரிபார்த்தல் வேண்டும்.

இடைப்பின்னலும் இழந்த அசைவும்

இந்தியத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் முறையில் வினாடிக்கு 25 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு புலங்களாகப் பிரிந்து அடுத்தடுத்துப் பதிவாகும். உயர்வரையறைக் கருவிகளிலும் இவ்விடைப்பின்னல் முறை தொடர்ந்தது. எனவே வினாடிக்கு 25 சட்டகம் எனக் குறிக்கப்படும் இடைப்பின்னல் கோப்பில் உண்மையில் 50 வெவ்வேறு கணங்கள் உள்ளன.

தொகுப்பு மென்பொருளில் இதனை 25 முழுச்சட்டகங்களாக வெளியிட்டால், இரு புலங்களுள் ஒன்று கைவிடப்படும். அல்லது இரண்டும் கலந்து மங்கும். உரையாடலைக் காண்பதற்கு இதனால் தடையில்லை. வேடம் கட்டியவர் சுழன்றாடும்போது காலடி எக்கணத்தில் தரையைத் தொடுகின்றது, சலங்கையொலி அதனோடு எங்ஙனம் பொருந்துகின்றது என்று ஆராய்வோர்க்கோ கால நுட்பம் பாதியாகின்றது. பின்னலை நீக்கும்போது ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு சட்டகம் என்ற வகையில் வினாடிக்கு 50 சட்டகங்களாக வெளியிட்டால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

புல வரிசையும் கருதத்தக்கது. பழைய டிவி நாடாக்களில் கீழ்ப்புலம் முதலாவது. உயர்வரையறைப் பதிவுகளில் மேற்புலம் முதலாவது. மென்பொருள் இதனைத் தவறாகக் கொண்டால் அசைவு முன்னும் பின்னுமாக நடுங்கும்.

சட்டக வேகமும் சுருதியும்

டாவின்சி ரிசால்வில் புதிய திட்டத்தின் இயல்பு வேகம் வினாடிக்கு 24 சட்டகம். 25 சட்டகப் பதிவை அதில் இட்டுக் கவனியாது வெளியிட்டால் வினாடிக்கு ஒரு சட்டகம் விடுபடும். பதிவின் வேகத்தையே 24 என மாற்றிக் குறித்தாலோ ஒருமணி நேர நிகழ்வு 62 நிமிடம் 30 வினாடியாக நீளும். ஒலியும் உடன் நீட்டப்பட்டால் சுருதி ஏறத்தாழ 0.7 அரைச்சுரம் தாழும். பாடல்களின் சுருதியை ஆராய்வோர்க்கு இது பொருட்படுத்தத்தக்க பிழை. காலவரிசை அமைப்பை மூலக் கோப்பின் வேகத்தோடு பொருத்திய பின்னரே தொகுப்பைத் தொடங்குதல் வேண்டும்.

வடிவும் வண்ணமும்

பால் டிவி கோப்பின் அளவு 720×576. இதன் படப்புள்ளிகள் சதுரமானவை அல்ல. 4:3 பதிவைச் சதுரப்புள்ளிகளில் தருகையில் 768×576 என்ற அளவு வழக்கில் உள்ளது. எச்டிவி பதிவு 1440×1080 அளவில் சேமிக்கப்பட்டாலும் 1920×1080 வடிவில் காட்டப்பட வேண்டும். இதனை மறந்தால் கூத்தரின் உருவம் ஒடுங்கும். கிரீடத்தின், புஜகீர்த்தியின் அகலம் பொய்யாகும்.

ஒளிபரப்புக் காணொளியில் கருமை 16, வெண்மை 235 என்ற எண்களில் அமைகின்றது. இதனை 0 முதல் 255 வரையுள்ள முழு வீச்சாகப் பிறழக் கொண்டால் படம் வெளிறும். எதிர்மாறாக நேர்ந்தால் இருண்ட பகுதிகள் ஒன்றாகி, இரவுநேரக் களத்தில் ஓரத்தே அமர்ந்திருப்போர் மறைவர். மேலும் 4:2:2 முறையிலான மூலம் 4:2:0 முறைக்கு மாறும்போது வண்ணத் தகவல் பாதியாகி, அரிதாரக் கோடுகளின் விளிம்பு மங்கும்.

ஒலித்தடங்கள்

எம்எக்ஸ்எஃப் கோப்பில் ஒலித்தடங்கள் தனித்தனியே அமைகின்றன. மேற்குறித்த பதிவில் முதல் தடம் ஆடுகளத்தையும், இரண்டாம் தடம் பின்பாட்டையும் ஆர்மோனியத்தையும், மூன்று நான்காம் தடங்கள் கருவியின் உள்ளொலிவாங்கி வழியே பார்வையாளர் பக்கத்தையும் பதிந்தன. கைக்கு வந்த எம்பி4 கோப்பிலோ முதல் இரு தடங்கள் மட்டுமே, அவையும் ஒன்றாகக் கலந்து இருந்தன. கட்டியங்காரனின் நகையாடலுக்குப் பார்வையாளர் காட்டிய எதிர்வினையை ஆராய வேண்டிய இயலுக்கு அவ்விரவின் சான்று கிட்டவில்லை. அந்நிகழ்வு குறித்த பகுதி ஆய்வேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

மூவகைப் படிகள்

இத்தகைய இழப்புகளைத் தவிர்க்க, ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று படிகளைப் பேணுதல் நன்று.

1. மூலப்படி: அட்டையிலுள்ள கோப்புறை முழுவதையும் அமைப்பு மாறாமல் நகலெடுத்தல். எம்எக்ஸ்எஃப் கோப்பை மட்டும் பிரித்தெடுத்தால் துணைத்தகவல்கள் விடுபடும். நகலெடுத்தவுடன் எம்டி5 அல்லது எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை உருவாக்கி, இரு வேறு வன்வட்டுகளில், இரு வேறு இடங்களில் வைத்தல்.

2. பணிப்படி: தொகுப்புக்குரிய புரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் கோப்பு. வேகம், புல வரிசை, ஒலித்தடம் ஆகிய அனைத்தும் மூலத்தைப் பின்பற்றுதல்.

3. பார்வைப்படி: கருத்தரங்கிலும் வகுப்பறையிலும் காட்டுதற்குரிய எச்.264 எம்பி4 கோப்பு. வினாடிக்கு 50 சட்டகம், சதுரப் படப்புள்ளி.

வினாடிக்கு 50 மெகாபிட் பதிவுக்கு ஒருமணி நேரத்திற்கு ஏறத்தாழ 22.5 ஜிகாபைட் இடம் வேண்டும். எட்டுமணி நேரக் கூத்துக்கு 180 ஜிகாபைட். 1 டெராபைட் வன்வட்டு ஒன்றில் இத்தகைய ஐந்து இரவுகள் அடங்கும். ஆகவே இடப்பற்றாக்குறை மூலத்தை அழித்தற்குரிய காரணமாகாது.

சுருக்கப்பட்ட எம்பி4 கோப்பினைப் புரோரெஸாக மாற்றினால் கோப்பின் அளவு பன்மடங்கு பெருகும். இழந்த தகவல் மீளாது. கோப்பின் பருமனைக்கொண்டு அதன் தரத்தை முடிவுசெய்தல் கூடாது. மீடியாஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் கோடெக், வேகம், பின்னல் வகை, புல வரிசை, ஒலித்தட எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டும். பதிவைப் பெற்றுக்கொள்ளும்போதே இவற்றைக் குறித்துக்கொண்டு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தருதல் பயனுடையது.

முடிவுரை

அச்சுநூலை மேற்கோள் காட்டுங்கால் பதிப்பினைச் சுட்டுகின்றோம். சுவடியாயின் அது மூலமா படியா என வினவுகின்றோம். காணொளிச் சான்றுக்கும் இவ்வினா பொருந்தும். ஒளிப்பதிவாளரோடு செய்துகொள்ளும் உடன்பாட்டில் மூலக் கோப்புகள் அனைத்தும் ஒப்படைக்கப்பட வேண்டும், ஒப்படைத்துச் சரிபார்க்கும் வரை அட்டை அழிக்கப்படலாகாது என்னும் இரு தொடர்கள் இடம்பெறின் போதுமானது. கூத்து மறுமுறையும் நிகழலாம். ஆனால் அந்த இரவு, அக்களம், அப்பார்வையாளர் மீண்டும் அமைவதில்லை. இக்காரணத்தாலேயே மூலப்படியைக் காத்தல் ஆய்வுநெறியின் ஒரு பகுதியாகின்றது.