குறையும் எடையும் மறைக்கப்படும் வலியும்

"ஓவர்டைம் அதிகம், அதனால்தான் இளைத்துவிட்டேன்." பனியன் தொழிலில் உழைக்கும் பெண்கள் பலர் தங்கள் மெலிவுக்குக் கூறும் காரணம் இதுவே. ஒன்றரை ஷிப்ட் வேலையும் நேரந்தவறிய உணவும் உடலை வாட்டும் என்பது உண்மை. ஆயினும், எடையைக் குறைக்க எம்முயற்சியும் செய்யாதிருக்க, 6 முதல் 12 மாதங்களுக்குள் உடல் எடையில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால், மருத்துவரிடம் காரணம் அறிய வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது இரண்டரைக் கிலோ. வீட்டில் எடைக்கருவி இல்லையெனினும், ரவிக்கையை மீண்டும் பிடித்துத் தைக்க நேர்வதும், வளையல் தானே நழுவுவதும் அடையாளங்களே.

மெலிவுடன் வலியும் சேர்ந்தால் தாமதம் கூடாது. ஆனால் வலி பெரும்பாலும் மாத்திரையால் மறைக்கப்படுகிறது. தமிழக ஆடைத் தொழிற்கூடங்களில் மாதவிடாய் வலிக்காகப் பெண்களுக்குப் பெயரற்ற மாத்திரைகள் வழங்கப்பட்டதை, ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசித் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-ஆம் ஆண்டு வெளிக்கொணர்ந்தது. வலி மாத்திரை நோயின் குரலை அடக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. தொடர்ந்து உட்கொண்டால் இரைப்பையில் புண் உண்டாகலாம். அதனால் உணவு குறைந்து, எடை மேலும் குறையலாம். சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

காரணங்கள் எவை?

பசி இருந்தும் எடை குறைந்து, படபடப்பும் கைநடுக்கமும் இருப்பின் தைராய்டு மிகைச் சுரப்பாக இருக்கலாம். மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், பாத எரிச்சல் ஆகியவை நீரிழிவைச் சுட்டலாம்.

காசநோய் என்றதும் இருமலே நினைவுக்கு வருகிறது. அது குடல், கருப்பை, கருக்குழாய், முதுகெலும்பு ஆகியவற்றையும் தாக்கும். அப்போது இருமல் இல்லாமலே அடிவயிற்று வலி, முதுகுவலி, மாதவிடாய் மாறுபாடு, மாலைக் காய்ச்சல் தோன்றலாம்.

சிறிது உண்டதுமே வயிறு நிறைதல், வயிறு உப்புதல், அடிவயிற்று வலி ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் சினைப்பையைச் சோதிக்க வேண்டும். உடல் மெலிய வயிறு மட்டும் பெருப்பதைத் தொப்பை என்று எண்ணிவிடலாகாது. மாதவிடாய் நின்றபின் அல்லது உடலுறவுக்குப்பின் இரத்தப்போக்கு, துர்நாற்ற வெள்ளைப்படுதல் ஆகியவை இருப்பின் கருப்பைவாய்ப் பரிசோதனை அவசியம்.

குடல் நோய்களும், மனச்சோர்வும்கூட மெலிவையும் உடல்வலியையும் தரும். இவற்றுள் பல, உரிய மருந்தால் குணமாகவோ கட்டுப்படவோ கூடியவை. ஆகவே அச்சத்தால் ஒதுங்க வேண்டியதில்லை.

மருத்துவமனைக்கு வரும்போது

எடை எப்போது குறையத் தொடங்கியது, வலி எங்கே, எந்நேரத்தில் மிகுகிறது, மாதவிடாய்த் தேதிகள், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள். முதற்கட்டமாக இரத்தம், சர்க்கரை, தைராய்டு, சிறுநீர் ஆகிய சோதனைகளும், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் ஆகியனவும் தேவைக்கேற்பச் செய்யப்படும். முடிவுகள் இயல்பாக இருப்பினும், மருத்துவர் கூறும் நாளில் மீண்டும் எடை பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

கறுத்த மலம், இரத்த வாந்தி, தாங்கவியலா வயிற்றுவலி, மூச்சுத்திணறல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும் தோன்றினால் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

கூலி இழப்பு என்னும் தயக்கம்

ஒரு நாள் விடுப்பெடுத்தால் கூலி போகுமே என்ற கவலையே பலரைத் தடுக்கிறது. ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர், சந்தா விதிகளை நிறைவு செய்திருப்பின், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாகப் பெறலாம். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு விதிகளின்படி மேலும் நீட்டிப்பு உண்டு. காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: அனைவருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் பெண், தன் பசி குறைந்ததைத் தானாகச் சொல்லமாட்டார். அவர் எவ்வளவு உண்கிறார், எத்தனை மாத்திரை விழுங்குகிறார் என்பதை நீங்களே கவனித்து, துணைக்கு ஒருவர் உடன் வாருங்கள்.