அடக்கி வைக்காதீங்க, சார்!

எங்க விக்கிரமங்கலத்தில் சித்திரை வெயில் ஆரம்பித்துவிட்டால் பாதி ஊர் டாக்டர் ஆகிவிடும். "ஒண்ணுக்குப் போனா எரியுதுப்பா" என்று டீக்கடையில் மெல்லச் சொல்லிப் பாருங்கள். பெஞ்சில் இருக்கும் அஞ்சு பேரும் ஆளுக்கொரு பிரிஸ்கிரிப்ஷன் தருவார்கள். கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவு, தொப்புளில் விளக்கெண்ணெய் விடு, வெந்தயத்தை மோரில் ஊறப் போடு, வாழைத்தண்டுச் சாறு குடி, சிறுபீளைக் கஷாயம் வை... ஃபீஸ் ஒரு டீ!

அரியலூருக்கு பஸ் ஏறினால் வைத்தியம் கொஞ்சம் நாகரிகமாகிவிடும். மருந்துக் கடையில் க்ரான்பெர்ரி மாத்திரை, டி-மேனோஸ் பொடி என்று 'இயற்கை' அயிட்டங்கள். விலையைப் பார்த்தால் எரிச்சல் இடம் மாறி வயிற்றுக்கு வந்துவிடும்!

நான் பி.காம். டாக்டர் இல்லை. அதனால் இதையெல்லாம் பற்று, வரவு என்று பிரித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயம். எரிச்சல் எல்லாம் தொற்று இல்லை. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தாலே சிறுநீர் கெட்டியாகி எரியும். நாலு சொம்பு தண்ணீரில் அது அடங்கிவிடும். இதைத்தான் நாம் 'சூடு' என்கிறோம். தொற்று வேறு. நம் குடலில் குடியிருக்கும் ஈ-கோலை என்ற கிருமிதான் பெரும்பாலும் குற்றவாளி. அது வழி மாறி மேலே ஏறிச் சிறுநீர்ப்பையில் கொட்டகை போட்டுவிடும். பெண்களுக்கு அந்தப் பாதையின் நீளம் சுமார் 4 செ.மீ.தான். ஆண்களுக்கு 20 செ.மீ. அதனால்தான் பெண்களில் பாதிப் பேருக்காவது வாழ்நாளில் ஒரு தடவை இது வந்து போகிறது.

க்ரான்பெர்ரி என்ன செய்கிறது? ஈ-கோலைக்கு முடி மாதிரி நுண்ணிய கைகள் உண்டு. அவற்றால் சிறுநீர்ப்பைச் சுவரைப் பிடித்துத் தொங்கும். பழத்தில் உள்ள ஒரு பொருள் அந்தப் பிடியை வழுக்கிவிடுகிறது. பஸ் கம்பியில் எண்ணெய் தடவின கதை! 2012-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 24 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, "பெரிய பிரயோஜனம் தெரியவில்லை" என்றது. 2023-ல் அதே அமைப்பு 50 ஆராய்ச்சிகளை, 8857 பேரின் கணக்கை அலசிவிட்டு மாற்றிச் சொன்னது. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு ஆபத்து 26 சதவீதம் குறைகிறது, குழந்தைகளுக்கு 54 சதவீதம். அதாவது, வரவேண்டிய நாலு பெண்களில் ஒருத்தர் தப்பிக்கிறார். கர்ப்பிணிகளுக்கும் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் பலன் தெரியவில்லை.

இது வராமல் தடுக்கத்தான். வந்த பிறகு விரட்டாது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும், கல் இருக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இன்னொன்று: 'இந்திய க்ரான்பெர்ரி' என்று சிலர் விற்பது நம்ம களாக்காய். பேக்கரி பன்னில் செர்ரி வேஷம் போடுகிறதே, அதே ஆசாமிதான்! அதை வைத்து இந்த ஆராய்ச்சிகள் நடக்கவில்லை.

டி-மேனோஸ் ஒரு வகைச் சர்க்கரை. கிருமி சுவரைப் பிடிக்காமல் இதைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும் என்பது கணக்கு. கணக்கு அழகு, ஐந்தொகைதான் இடிக்கிறது. இங்கிலாந்தில் 598 பெண்களுக்கு ஆறு மாதம் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-ல் முடிவு வந்தது. பொடி சாப்பிட்டவர்களில் 51 சதவீதம் பேரும், சும்மா பொடி சாப்பிட்டவர்களில் 55.7 சதவீதம் பேரும் மறுபடி டாக்டரிடம் போனார்கள். நம்பும்படியான வித்தியாசம் இல்லை.

சிறுபீளை? போகிக்குக் காப்புக் கட்டுவோமே, அதேதான். நீர்க்கடுப்புக்கும் கல்லுக்கும் சித்த வைத்தியத்தில் பேர் போனது. ஆனால் கிருமித் தொற்று திரும்ப வராமல் தடுக்குமா என்று க்ரான்பெர்ரி அளவுக்கு மனிதர்களிடம் சோதிக்கவில்லை. சுண்ணாம்பை வெற்றிலைக்கே விட்டுவிடுங்கள்.

சரி, லாபக் கணக்கில் முதல் இடம் யாருக்கு? பச்சைத் தண்ணீருக்கு! பல்கேரியாவில், அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை மட்டும் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். 2018-ல் வெளியான முடிவு: கூடுதலாகக் குடித்தவர்களுக்கு வருஷத்துக்குச் சராசரி 1.7 தடவை, மற்றவர்களுக்கு 3.2. கிட்டத்தட்டப் பாதி! (இருதயம், கிட்னிக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிவிடவும்.)

இதைப் படித்த வேகத்தில், எங்க ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம், "தண்ணி நிறையக் குடிம்மா" என்று உபதேசம் செய்தேன். பதில் பட்டென்று வந்தது: "குடிச்சா போகணும்ல... எங்கண்ணே போறது?"

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பும் வரை அரைப் பாட்டில் தண்ணீராம். கடையில் கழிப்பறை இருக்கிறதாம், தாழ்ப்பாள்தான் இல்லையாம்.

கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. உட்கார இடம் கொடுத்தாச்சு. தாழ்ப்பாள் போட்ட ஒரு அறையும், ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்தால், எந்த மாத்திரையும் செய்யாத வேலையை அது செய்யும்.

ஆண்களே, உங்களுக்கு இந்த நோய் அபூர்வம். அபூர்வமாக வருவதாலேயே அலட்சியம் கூடாது. கல், புராஸ்டேட், சர்க்கரை என்று பின்னால் ஏதாவது ஒளிந்திருக்கலாம். குளிர்காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். கிட்னிக்கு ஏறிவிட்டால் வம்பு. பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்குவதும் வேண்டாம். அரைகுறையாக முழுங்கினால் கிருமிக்குத்தான் உடற்பயிற்சி! அரியலூரிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. போய்ச் சிறுநீரைப் பரிசோதித்துவிடலாம்.

நாளைக்கு ஆபீஸில் ஒரு காரியம் செய்யுங்கள். கூட வேலை பார்க்கும் பெண்களின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மேனேஜரிடம் கேளுங்கள். தாழ்ப்பாள் விலை மாத்திரை டப்பாவைவிடக் குறைவுதான். பில்லை ஸ்டேஷனரி கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்!