காதோடு காடு – 9: கல்லாற்றுச் சீழ்க்கை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிற வண்டிகள் கல்லாற்றில் நின்றால், பெரும்பாலும் அது ஒரு சாயாவுக்காகத்தான் இருக்கும். மேலே 22 கொண்டையூசி வளைவுகள் காத்திருக்கின்றன. பனிமூட்டத்தோடு படம் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், பாலத்துக்கு அடியில் நடப்பது யார் காதிலும் விழுவதில்லை.

அங்கே முதல் குரல் தண்ணீருடையது. வாமனபுரம் ஆற்றோடு சேரும் கல்லாறு உருண்டைப் பாறைகளுக்கு இடையே புகுந்து வருகிறது. நீர் கல்லில் மோதுவதுதான் சத்தம் என்று தோன்றும். உண்மையில் பாடுவது காற்று. தாவி விழும் நீர் காற்றை விழுங்கிக் குமிழாக்குகிறது. அந்தக் குமிழ் சுருங்கி விரிகிற அதிர்வையே சலசலப்பு என்கிறோம். பெரிய குமிழுக்குக் கட்டைக் குரல், சின்னதுக்குக் கீச்சுக் குரல். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் நொடிக்குச் சுமார் 3,260 முறை அதிரும் என்பது, மார்செல் மின்னார்ட் 1933-இல் வகுத்த சூத்திரம் தரும் கணக்கு. அவர் நெதர்லாந்தில் பணியாற்றிய வானியலாளர். நட்சத்திரம் பார்க்கிறவருக்கு ஓடையில் என்ன வேலை? வானவில், நிழல், கானல் என்று வெளியே நடந்துபோகிற எவரும் காணக்கூடிய ஒளி விந்தைகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதிய மனிதர் அவர். ரசிப்பவருக்குத் துறை ஒரு வேலியா என்ன!

அதே 1933-இல்தான் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தார். அதன் பலனான புத்தகம் 1953-இல் வெளியானது. இந்த மலைகளின் பறவைகளில், பறவை நோக்காத ஆளையும் நின்று கேட்கவைக்கும் குரல் சீகாரப் பூங்குருவிக்கு. மலையாளிகளுக்கு அது சூளக்காக்கா. ஓடையோரப் பாறை இடுக்கில் கூடு, நண்டும் நத்தையும் தவளையும் தீனி. நிழலில் பார்த்தால் வெறும் கறுப்பு. வெயில் பட்டால் நெற்றியிலும் தோளிலும் நீலம் மின்னும். விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும் அதன் பாட்டு, மெட்டு பாதி மறந்துபோன பையன் சீழ்க்கையடித்துக்கொண்டு போவது போலவே இருக்கும். வெள்ளைக்காரர்கள் அதற்குச் ‘சீழ்க்கையடிக்கும் பள்ளிச் சிறுவன்’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள்.

பகலில் சில்வண்டு. மழைக்கால இரவு என்றால் புதர்த்தவளைகள். பொன்முடியின் பெயரையே தாங்கிய ஒரு புதர்த்தவளையை எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போஸ்யூட்டும் 2005-இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்கள். இந்த வகைத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை!

இவையெல்லாம் பயணிக்குப் பொழுதுபோக்கு. இந்த மலைகளின் பழங்குடிகளான காணிக்காரர்களுக்கோ இது அன்றாடப் படிப்பு. கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டின் பாபநாசம், கன்னியாகுமரி மலைகளிலும் இருப்பவர்கள்தாம் அவர்கள். பல் வெட்டிய இரும்புக் குழலைக் கம்பியால் உரசி ஒலி எழுப்பும் ‘கொக்கரை’ அவர்களுடைய சடங்குப் பாடலான சாற்றுப்பாட்டுக்குத் துணை. அவர்களில் ஒருவரான, கல்லாறு வனக்குடியிருப்பைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மா, தாயிடம் கற்ற பச்சிலை வைத்தியத்துக்காக 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஐந்நூறு மருந்துகள் அவருக்கு நினைவிலேயே இருக்கின்றன என்கிறார்கள். மற்றவர்கள் மிதித்துக்கொண்டு போகும் செடியை நாள்தோறும் உற்றுப் பார்த்த கண் அது.

ஆய்வாளர்களும் மெதுவாக இந்தப் பக்கம் வருகிறார்கள். ரேச்சல் பக்ஸ்டன் குழு, இயற்கை ஒலிகள் மனிதருக்கு என்ன செய்கின்றன என்ற பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. மனத்தை மகிழ்விப்பதில் நீரின் ஒலி முன்னே நின்றது; எரிச்சலையும் அழுத்தத்தையும் தணிப்பதில் பறவைக் குரல். கல்லாற்றில் இரண்டும் ஒரே இடத்தில், கட்டணமில்லாமல் கிடைக்கின்றன.

ஆனால் கேட்க விட வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமைகளில் காரின் கதவைத் திறந்துவைத்து அலறவிடும் பாட்டுக்கு முன்னால் எந்தக் குருவி பாடும்? இன்னொன்றும் உண்டு. இந்த ஆற்றுக் கயங்களில் குளிக்க இறங்கி உயிரை விட்டவர்கள் பலர். மேலே மலையில் மழை கொட்டினால், கீழே வெயிலில் நிற்பவருக்குத் தெரியாமலே வெள்ளம் வரும். ஆகவே, பொன்முடிக்குப் போகிறவர்கள் விடியலில் கிளம்பி, கல்லாற்றில் வண்டியையும் பாட்டையும் நிறுத்துங்கள். கரையிலேயே உட்கார்ந்து கேளுங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள்.