கணக்குக் கேட்டால் தனியார், விதி போட்டால் அரசு!
அமெரிக்கப் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

2014-ஆம் ஆண்டு, சிகாகோவில் இயங்கும் பெட்டர் கவர்ன்மென்ட் அசோசியேஷன் என்ற கண்காணிப்பு அமைப்பு, இல்லினாய் மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கத்துக்கு ஒரு மனு போட்டது. கணக்கு வழக்கைப் பார்ப்பது யார், வக்கீல் யார், ஸ்பான்சர்களோடு என்ன ஒப்பந்தம், மக்கள் தொடர்புக்கு யாரை அமர்த்தியிருக்கிறீர்கள், பொருள் விற்கும் உரிமம் கேட்டு விண்ணப்பித்தவர்கள் யார் யார்? இரண்டு நிதியாண்டுகளுக்கான இந்தத் தாள்களைத்தான் கேட்டது.

தர முடியாது என்றது சங்கம். தாங்கள் லாப நோக்கமற்ற தனியார் அறக்கட்டளை, தகவல் உரிமைச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் பதில். சரி, சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் பள்ளிகளை நடத்தும் அரசு நிர்வாகமான பள்ளி மாவட்டம் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம் என்று அங்கே போனார்கள். அந்தத் தாள்கள் எங்களிடம் இல்லையே என்று மாவட்டம் கையை விரித்தது. வழக்கு நீதிமன்றம் ஏறி, 2017 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சங்கம் பொது அமைப்பு அல்ல. மாவட்டத்தின் சார்பில் அது அரசுப் பணி எதையும் செய்யவில்லை. ஆகவே யாரும் எதையும் காட்ட வேண்டியதில்லை.

எண்ணூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் விளையாட்டை ஆளும் ஒரு சங்கத்தின் ஒப்பந்தங்களை, அந்தப் பள்ளிகளுக்கு வரி கட்டும் மக்கள் பார்க்க வழியில்லாமல் போனது இப்படித்தான்.

யார் இவர்கள்?

அமெரிக்காவில் பள்ளி விளையாட்டு சாதாரண விஷயமில்லை. ஆண்டுக்கு 80 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை மாணவர்கள் பள்ளி அணிகளில் நிரப்புகிறார்கள். சிறு ஊர்களில் வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டம் என்றால் ஊரே மைதானத்தில்தான். இதையெல்லாம் நடத்துவது அரசின் கல்வித் துறை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் மாநிலத்துக்கு ஒன்றாக இருக்கும் சங்கங்களே நடத்துகின்றன. 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன் ஆகியவற்றின் சங்கங்கள் சேர்ந்த தேசியக் கூட்டமைப்பு ஒன்று 1920 முதல் இருக்கிறது. அது ஆட்ட விதிகளை எழுதும். அதிகாரம் மாநிலச் சங்கங்களிடமே.

இவை பிறந்த காலம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளி அணிகளை மாணவர்களே நடத்தினார்கள். படிக்காத வளர்ந்த ஆட்களை அணிக்குள் நுழைப்பதும் முறைகேடுகளும் மலிந்தன. பள்ளி முதல்வர்கள் ஒன்றுகூடி ஒழுங்கு செய்தார்கள். இல்லினாய் சங்கம் 1900-லும், டெக்சாஸ் அமைப்பு 1910-லும், பென்சில்வேனியா சங்கம் 1913-லும் தோன்றின. முதல்வர்கள் கூடிப் பேசும் மன்றமாகத் தொடங்கியவை, நூறாண்டில் ஒரு மாணவரின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் அதிகார மையங்களாக வளர்ந்துவிட்டன.

குடும்பம் வீடு மாறி, பிள்ளை வேறு பள்ளியில் சேர்ந்தால் அவர் ஆடலாமா, ஓராண்டு வரை உட்கார்ந்திருக்க வேண்டுமா என்பதைச் சங்கம்தான் சொல்லும். வயது வரம்பு, மதிப்பெண் தகுதி, எந்தப் பள்ளி எந்தப் பிரிவில் மோத வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில். கோச் விதியை மீறினால் அபராதமும் பிளே-ஆஃப் தடையும் அணிக்கே விழும். கல்லூரி விளையாட்டு உதவித்தொகையை நம்பியிருக்கும் மாணவருக்கு, கடைசி ஆண்டில் ஒரு சீசன் பறிபோவது பெரிய இழப்பு. மாநில சாம்பியன் பட்டத்துக்கு ஆட வேண்டுமானால் அரசுப் பள்ளிக்கு இந்தச் சங்கத்தை விட்டால் வேறு வழியில்லை. பேச்சில் மட்டும் உறுப்பினராவது பள்ளியின் விருப்பம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

மாநிலத் தொடர்களின் டிக்கெட், ஸ்பான்சர் ஒப்பந்தம், ஒளிபரப்பு உரிமை ஆகியவை முக்கிய வருமானம். அரசிடமிருந்து நேரடி மானியம் வாங்குவதில்லை என்பது பல சங்கங்கள் சொல்லும் முதல் வாதம். ஆனால் ஆடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். கோச்சுக்குச் சம்பளம், பேருந்துக்கு டீசல், மைதானத்துக்குப் பராமரிப்பு எல்லாம் உள்ளூர் வரிப்பணம். இவ்வளவையும் பொதுமக்கள் போட்டு உருவாக்கும் ஆட்டத்தைச் சங்கம் விற்கிறது.

அந்த விற்பனை எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இல்லினாய் சங்கமே சான்று. இன்று அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அடையாளமாக இருக்கும் 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயர், முதலில் இல்லினாய் பள்ளிப் போட்டிகளுக்கு வழங்கியது. சங்க அதிகாரி ஹென்றி போர்ட்டர் 1939-இல் எழுதிய கட்டுரையில் அது இடம்பெற்றது. 1990-களில் அந்தப் பெயருக்காகச் சங்கம் நீதிமன்றம் வரை போனது. பிறகு கல்லூரி விளையாட்டு அமைப்போடு உரிமையைப் பகிர்ந்துகொண்டது.

விஸ்கான்சினில் இன்னொரு மோதல். 2008-இல் அங்குள்ள ஒரு செய்தித்தாள் பிளே-ஆஃப் ஆட்டங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டியது. ஒளிபரப்பு உரிமையை ஏற்கெனவே ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று மாநிலச் சங்கம் வழக்குப் போட்டு, 2011-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. விற்கும் உரிமை சங்கத்துக்கு உண்டு என்பது தீர்ப்பு. அப்படியானால், யாருக்கு, என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு விற்றார்கள் என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்க வேண்டாமா?

லாப நோக்கமற்ற அமைப்புகள் வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் தரும் 990 படிவம் பொதுவில் கிடைக்கும். மொத்த வரவு செலவும் தலைமை அதிகாரிகளின் சம்பளமும் அதில் தெரியும். ஆனால் ஸ்பான்சர் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளோ, ஒரு பள்ளியைத் தண்டித்ததற்கான காரணமோ, யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதோ அதில் இருக்காது.

ஒரே கேள்வி, வேறு வேறு பதில்

இந்தச் சங்கங்கள் அரசா, தனியாரா? அமெரிக்க நீதிமன்றங்கள் இதற்கு ஒரே குரலில் பதில் சொன்னதில்லை.

மிகப் பெரிய வழக்கு டென்னசியில் பிறந்தது. நாஷ்வில் அருகே உள்ள ப்ரென்ட்வுட் அகாடமி ஒரு தனியார் கிறிஸ்தவப் பள்ளி. பள்ளியில் சேரவிருந்த எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, பயிற்சிக்கு வரலாம் என்று அதன் ஃபுட்பால் கோச் கடிதம் எழுதினார். ஆள் பிடிக்கும் வேலை இது என்று மாநிலச் சங்கம் 1997-இல் 3,000 டாலர் அபராதம் போட்டது. ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து அணிகளை இரண்டாண்டு பிளே-ஆஃபிலிருந்து விலக்கியது. பள்ளி, கருத்துரிமை மீறல் என்று வழக்குப் போட்டது. நாங்கள் அரசே இல்லை, அரசியல் சாசனம் எங்களைத் தொடாது என்றது சங்கம்.

2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சங்கத்தின் வாதத்தைத் தள்ளியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி டேவிட் சூட்டர் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பார்த்தார். உறுப்பினர்களில் 84 சதவீதம் அரசுப் பள்ளிகள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் பள்ளி முதல்வர்களும் அதிகாரிகளும். கூட்டங்களில் ஏறக்குறைய பாதி, பள்ளி நேரத்திலேயே நடக்கின்றன. சங்க ஊழியர்கள் மாநில அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். அரசோடு இவ்வளவு பின்னிப் பிணைந்த அமைப்பு, அரசியல் சாசனத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்றார். 2007-இல் அதே நீதிமன்றம், ஆள் பிடிப்பதைத் தடுக்கும் சங்கத்தின் விதி கருத்துரிமையை மீறவில்லை என்று சங்கத்துக்கே வெற்றி தந்தது. பொதுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதால் சங்கம் ஒன்றும் அழிந்துபோய்விடவில்லை.

2001 தீர்ப்பு ஆவணங்களைத் திறக்கச் சொல்லவில்லை. அது மாநிலச் சட்டங்களின் வேலை. டென்னசி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் அந்த அடுத்த அடியை எடுத்து வைத்தது. நாஷ்வில் பத்திரிகை நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், அரசு அமைப்பு செய்யும் வேலையையே இந்தச் சங்கம் செய்வதால் அதன் ஆவணங்கள் பொது ஆவணங்களே என்றது. மூன்றே ஆண்டில், ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் இல்லினாய் சங்கத்துக்கு அந்த மாநில நீதிமன்றம் நேரெதிரான பதிலைக் கொடுத்தது. லூசியானாவில் ஒரே நீதிமன்றம் இரு பக்கமும் நின்றது. 1981-இல் திறந்த கூட்டச் சட்டம் மாநிலச் சங்கத்துக்குப் பொருந்தும் என்ற மாநில உச்ச நீதிமன்றம், 2013-இல் வேறொரு வழக்கில் அதே சங்கத்தைத் தனியார் அமைப்பு என்றது.

டெக்சாஸில் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். அரசுப் பல்கலைக்கழகத்துக்குரிய தகவல் சட்டம் அதற்கும் உண்டு. ஆவணங்களைக் காட்டுவதால் அங்கே எந்த ஆட்டமும் நின்றுவிடவில்லை.

சட்டத்தில் ஒரு பெயர்

தெளிவான வழியைக் காட்டியது பென்சில்வேனியா. அந்த மாநிலத்தின் 2008 தகவல் உரிமைச் சட்டம், கட்டுப்படும் அமைப்புகளைப் பட்டியல் போட்டபோது பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் பெயரை நேரடியாகவே எழுதிவிட்டது. 2020-இல் ஒருவர் ஆவணம் கேட்க, தாங்கள் அரசு அமைப்பு இல்லை, பெயர் இருந்தாலும் சட்டம் பொருந்தாது என்று சங்கம் வழக்காடியது. 2024-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டமன்றம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

வட கரோலினா வேறு வழியில் போனது. சங்கம் 4 கோடி டாலருக்கு மேல் சொத்து சேர்த்திருப்பதைச் சட்டமன்ற உறுப்பினர்கள் சுட்டிக்காட்டினார்கள். அபராதமும் கட்டணமும் வாங்கும் அமைப்புக்கு இவ்வளவு கையிருப்பு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. 2021-இல் வந்த சட்டம், மாநிலக் கல்வி வாரியத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் அமைப்புதான் பள்ளி விளையாட்டை நடத்தலாம் என்று நிபந்தனை போட்டது.

ஃபுளோரிடா தரும் எச்சரிக்கை

கண்காணிப்பு எதைச் சாதிக்கும், எங்கே வழி தவறும் என்ற இரண்டையும் ஃபுளோரிடாவில் பார்க்கலாம். அங்கே மாணவிகள் நிரப்ப வேண்டிய உடற்தகுதிப் படிவத்தில் மாதவிடாய் பற்றிய கேள்விகள் பல்லாண்டுகளாக இருந்தன, பதில் கட்டாயமில்லை என்ற குறிப்போடு. தகவல்கள் டிஜிட்டல் தளங்களில் சேமிக்கப்படுவதைப் பத்திரிகைகள் வெளிக்கொண்டுவந்ததும் பெற்றோர் கொதித்தார்கள். அந்தக் கேள்விகளைக் கட்டாயமாக்கும் பரிந்துரைகூட மேஜைக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் அவசரமாகக் கூடிய நிர்வாகக் குழு, 14-2 என்ற வாக்கில் அவற்றைப் படிவத்திலிருந்து நீக்கியது. விவகாரம் வெளிச்சத்துக்கு வந்ததால் கிடைத்த முடிவு அது.

அதே ஆண்டில் ஃபுளோரிடா சட்டமன்றம் அந்த நிர்வாகக் குழுவையே மாற்றியமைத்தது. 16 பேர் இருந்த குழு 13 ஆகச் சுருங்கியது. அதில் 8 பேரை ஆளுநரே நியமிப்பார். பள்ளிகள் தேர்ந்தெடுத்தவர்களின் இடத்தில் ஆளும் தரப்பின் ஆட்கள் வருவதைக் கண்காணிப்பு என்று சொல்ல முடியாது. மக்கள் பார்க்கட்டும் என்பது ஒரு கோரிக்கை. நான் ஆள்கிறேன் என்பது முற்றிலும் வேறு. சங்கங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும்போது, நான் ஆள்கிறேன் என்பவர்களுக்கே வேலை எளிதாகிறது.

மறுப்புகளும் பதிலும்

சங்கங்கள் தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. இடமாற்ற மனுக்களில் குடும்பப் பிரச்னை, நோய், விவாகரத்து எல்லாம் வரும். அவை வெளியே போகக் கூடாது. அதற்குப் பெயரை மறைத்துவிட்டு முடிவையும் காரணத்தையும் வெளியிட்டால் போதும். மனுக்களுக்குப் பதில் தர ஆள் வேண்டும், செலவாகும் என்பது இன்னொரு வாதம். அவர்களைவிடச் சிறிய கிராமப்புறப் பள்ளி வாரியங்களே அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. தனியார் பள்ளிகளும் உறுப்பினர்கள்தானே என்பார்கள். அந்தப் பள்ளிகளின் ஆவணங்களை யாரும் கேட்கவில்லை. கேட்பது சங்கத்தின் ஆவணங்களை.

நமக்கும் இந்த வாதம் புதிதல்ல. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான இந்தியக் கிரிக்கெட் வாரியம், தான் தனியார் சங்கம் என்று சொல்லித்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எதிர்த்துவந்தது. 2005-இல் நம் உச்ச நீதிமன்றமும் 3-2 என்று பிரிந்து, அது 'அரசு' ஆகாது என்றது. அங்கே ஆடுபவர்களாவது வளர்ந்தவர்கள், சம்பளம் வாங்குபவர்கள். அமெரிக்கச் சங்கங்களின் கையில் இருப்பதோ பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்.

இல்லினாய் தீர்ப்பு, சங்கத்தைப் பொது அமைப்பு அல்ல என்று விட்டுவிட்டது. டென்னசி தீர்ப்பு அது செய்யும் வேலையைப் பார்த்தது. இரண்டாவதே சரி. அரசுப் பள்ளிப் பிள்ளையை ஆடவிடாமல் தடுக்கும் அதிகாரம் ஓர் அமைப்புக்கு இருந்தால், அந்த அதிகாரத்தின் கணக்கைக் காட்டும் கடமையும் அதற்கு உண்டு. ஸ்பான்சர், ஒளிபரப்பு ஒப்பந்தங்கள், சம்பளம், கூட்டக் குறிப்புகள், வாக்குப் பதிவு, பெயர் நீக்கிய தண்டனை உத்தரவுகள் ஆகியவை யாரும் கேட்காமலே வெளியிடப்பட வேண்டும். இதற்குப் புதிய ஆணையமோ ஆளுநரின் நியமனமோ தேவையில்லை. பென்சில்வேனியா செய்ததுபோல் தகவல் சட்டத்தில் சங்கத்தின் பெயரை ஒருவரி சேர்த்தால் போதும். மற்ற மாநிலச் சட்டமன்றங்களும் அதைச் செய்ய வேண்டும்.