ஆமை வளர்ப்பு: உண்மையும் கட்டுக்கதையும்

மாரி மழை ஓய்ந்த காலையில் வேலியோரமாக ஓர் ஆமை ஊர்ந்து வந்தால் வீட்டில் ஒரே ஆரவாரம்தான். தம்பிமார் அதைத் தூக்கி வந்து தண்ணீர் நிரம்பிய வாளியில் விடுவார்கள். "ஆமை புகுந்த வீடு உருப்படாது, கொண்டுபோய் விடுங்க" என்பார் உம்மம்மா. "இல்லை, ஆமை இருந்தால் பரக்கத்" என்பார் பக்கத்து வீட்டு மாமி. சோற்றுப் பருக்கையும் பிஸ்கட் துண்டும் வாளிக்குள் விழும். எல்லாம் அன்பினால்தான். ஆனால் அந்த ஆமை பிழைக்குமா?

எல்லா ஆமையும் ஒன்றே என்ற எண்ணம்தான் முதல் தவறு. கடலாமைக்குத் துடுப்புப் போன்ற கால்கள். குளத்து ஆமைக்கு விரல்களுக்கிடையே சவ்வு. தரையாமைக்கு யானையின் காலைப்போல் தடித்த கால்கள். நம் நாட்டின் உலர் வலயப் பற்றைக்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமை தரையாமை. அதற்கு நீந்தத் தெரியாது. தண்ணீர் வாளியில் விட்டால் மூழ்கி இறந்துவிடும்.

"ஓடு வெறும் கவசம், துளையிட்டுக் கயிறு கட்டலாம்" என்பது இன்னொரு கதை. ஓடு, முதுகெலும்பும் விலா எலும்புகளும் இணைந்து உருவானது. தொட்டால் ஆமை உணரும்; துளைத்தால் அதற்கு வலிக்கும்.

"எதைக் கொடுத்தாலும் தின்னும்" என்பார்கள். நட்சத்திர ஆமையின் முக்கிய உணவு புல், இலை, பூ, உதிர்ந்த பழம் ஆகியவையே. சோறும் பாணும் வயிற்றை நிரப்பும், ஓட்டை உறுதியாக்காது. அதற்குக் கல்சியம் வேண்டும். கல்சியத்தை உடல் ஏற்க விற்றமின் டி வேண்டும். அதற்கு நேரடி வெயில் வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வரும் வெளிச்சம் போதாது.

"கிணற்றில் விட்டால் தண்ணீர் சுத்தமாகும்" என்று சிலர் நம்புகிறார்கள். குளத்து ஆமை புழு பூச்சிகளைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் அதன் கழிவும் நாம் குடிக்கும் தண்ணீரில்தானே சேர்கிறது! ஆமைகள் நோயின் அறிகுறியே இல்லாமல் சல்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. இதனால் சிறுவர்கள் நோயுற்றதைக் கண்டு, 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தடைசெய்தது. ஆமையைத் தொட்டவர்கள் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும்.

அலங்கார மீன்களோடு விற்கப்படும் செங்காது ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் குட்டி, வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டளவு ஆகும். 20, 30 வருடங்கள் வாழும். அலுத்துப்போய்க் குளத்தில் விட்டால் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறிக்கும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

அப்படியானால் நட்சத்திர ஆமையை எப்படிப் பராமரிப்பது? அதை வீட்டில் வைத்திருக்காமல் இருப்பதே சரியான பராமரிப்பு. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். செல்லப்பிராணி வணிகத்துக்காகப் பெருமளவில் கடத்தப்பட்டதால், அதன் சர்வதேச வணிகத்தையும் 2019இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் தடைசெய்தன.

ஆமையால் வீடு கெடுவதுமில்லை, பரக்கத் வருவதுமில்லை. நபி (ஸல்) அவர்கள் சகுனம் பார்ப்பதை மறுத்தார்கள். அதேவேளை, ஒரு பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாத பெண் தண்டனைக்கு ஆளானதையும் நமக்கு அறிவித்தார்கள். வாளிக்குள் இருக்கும் ஆமையின் நிலையும் அந்தப் பூனையின் நிலைதானே?

சகோதரிகளே, அடுத்த மழைக்குப் பின் நட்சத்திர ஆமை ஒன்று வேலியோரம் வந்தால், தம்பிமாருக்குத் தூர நின்று காட்டுங்கள். அது தன் வழியே போகட்டும். காயப்பட்டிருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள்.